புவாத்வான் முலாசியே: அருகிவரும் பிரெஞ்சு பாரக் குதிரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவாத்வான் முலாசியே என்றால் என்ன பொருள்?

'புவாத்வான்' என்பது ஊரைக் குறிக்கிறது. பிரான்சின் மேற்கே அட்லாண்டிக் கடலை ஒட்டிய பழைய புவாத்தூ மாகாணத்தைச் சேர்ந்தது என்று பொருள். இன்றைய கணக்கில் தெ-செவ்ர், வாந்தே, வியேன் மாவட்டங்கள். 'முலாசியே' தொழிலைக் குறிக்கிறது: கோவேறு கழுதை (ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கலப்பு) ஈனுவதற்கான குதிரை. உலகத்தில் உழவுக்கு, போருக்கு, பந்தயத்துக்கு, சவாரிக்கு என்று பெயர் வாங்கிய குதிரைகள் உண்டு. தன் வயிற்றில் வேறு ஒரு விலங்கைச் சுமப்பதற்காகப் பெயர் வாங்கியது இதுதான். இந்த இனத்தின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் தேடினால் கடைசியில் இந்தப் பெயரில்தான் வந்து நிற்கும்.

பிரான்சில் அங்கீகரிக்கப்பட்ட ஒன்பது பாரக் குதிரை இனங்களில் இது ஒன்று. மற்றவை ஆர்தென்னே, ஓசுவா, புலோனே, பிரெத்தோன், கோப் நோர்மான், கோன்துவா, பெர்ஷெரோன், திரே து நோர்.

எங்கிருந்து வந்தது?

சதுப்பு நிலத்திலிருந்து. புவாத்தூவின் கடலோரம் ஒரு காலத்தில் வளைகுடாவாக இருந்து, வண்டல் படிந்து சேறான பகுதி. 1217-லேயே ஐந்து மடங்களின் துறவிகள் சேர்ந்து அங்கே ஒரு வடிகால் வெட்டினார்கள். இன்றும் அதற்கு 'ஐந்து மடாதிபதிகள் கால்வாய்' என்றே பெயர். பிறகு மதப் போர்களில் கரைகள் பராமரிப்பின்றிப் போயின. 1599-இல் நான்காம் ஹென்றி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்து, பெர்கன் ஒப் சோம் என்ற டச்சு ஊரைச் சேர்ந்த ஹம்ஃப்ரி பிராட்லி என்பவரை நாட்டின் கரைகளுக்கெல்லாம் தலைவராக்கினார். அடுத்து வந்த காலத்தில் வெட்டிய கால்வாய் ஒன்றை உள்ளூர்க்காரர்கள் 'டச்சுக்காரர் வளையம்' என்கிறார்கள்.

மண் இழுக்கவும் சேற்றில் நடக்கவும் தாழ்நாட்டிலிருந்து (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதி) பெரிய குதிரைகள் வந்தன. அவை உள்ளூர்ப் பெட்டைகளோடு கலந்ததில் உருவானதுதான் இந்த இனம். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கவில்லை. வேலை இழுத்த இழுப்பில் உருவானது.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் குளம்பைப் பாருங்கள். மற்ற பாரக் குதிரைகளோடு ஒப்பிட்டால் அகலம், தட்டை. சேற்றில் புதையாமல் நடக்க அதுதான் உதவியது. அடுத்தது கால்முடி. முழங்காலுக்குக் கீழே அடர்ந்து இறங்கிக் குளம்பை மூடும். பிடரியும் வாலும் அதே கனத்தில் இருக்கும்.

உடல் நீளம். பெர்ஷெரோன் போல உருண்டு திரண்டு நிற்காது. தலை நீண்டது, காது தடித்தது, எலும்பு கனமானது. ஆண்கள் 165 செ.மீ. அளவிலும் பெட்டைகள் 160 செ.மீ. அளவிலும் தோள் உயரம் உள்ளவை. அதற்கு மேலும் வளரும். எடை 700 முதல் 900 கிலோ வரை. தசை பிதுங்கி நிற்கும் குதிரையை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது கொஞ்சம் எலும்பும் தோலுமாகத் தெரியலாம். பட்டினி போட்டதாக நினைத்துவிட வேண்டாம், இனத்தின் வாகே அப்படி.

நிறத்தில்தான் பெரிய வேறுபாடு. கருப்பு, பழுப்பு, சாம்பல், வெண்முடி கலந்தவை எல்லாம் உண்டு. ஆனால் மங்கிய மஞ்சள் பழுப்பு உடலும் முதுகெலும்பு நெடுக ஒரு கருங்கோடும் உள்ளவற்றை இந்த இனத்தில் நிறையப் பார்க்கலாம். சில சமயம் காலில் வரிக்குதிரை போலப் பட்டைகளும் இருக்கும். எலி நிறத்தில் கருங்கோடு போட்டவையும் உண்டு. பிரான்சின் மற்ற பாரக் குதிரைகளில் இந்த நிறங்கள் அபூர்வம்.

கோவேறு கழுதைக்கு இந்தக் குதிரையே எதற்கு?

கோவேறு கழுதையின் உயரமும் உடற்கட்டும் பெரும்பாலும் தாயைப் பொறுத்தது. தாய் சிறியதென்றால் தகப்பன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. அகன்ற இடுப்பு, நீண்ட வயிறு, நல்ல பால் மூன்றும் இந்தப் பெட்டையிடம் இருந்தன. தகப்பன் பக்கமும் புவாத்தூ கொடுத்து வைத்தது. 'போதே து புவாத்தூ' என்னும் பெருங்கழுதை 140 செ.மீ.க்குக் குறையாத உயரம். உடல் முழுக்கச் சடை பிடித்த நீண்ட மயிர். ஒரு முறைகூட வாராமல் விட்ட சடைக்கழுதையை 'புராய்யூ' என்று பெருமையாகச் சொன்ன காலம் உண்டு.

இரண்டும் சேர்ந்து ஈன்ற கோவேறு கழுதை ஸ்பெயினுக்கும் தென் பிரான்சுக்கும் படைகளுக்கும் போனது. பொலிகழுதைகளை வைத்திருந்த இடங்களை 'பட்டறை' என்றே அழைத்தார்கள். மெல் நகரைச் சுற்றிய மேட்டுநிலத்தில் இவை மிகுதி. சதுப்பில் வளர்த்த பெட்டைகளை மேட்டுநில விவசாயிகள் வாங்கிப் பட்டறைக்கு ஓட்டிப் போவார்கள். பிறந்த குட்டி பால்குடி மறந்ததும் சந்தைக்குப் போய்விடும். குதிரைக்குட்டியை நான்கு வருடம் வளர்த்து விற்பதைவிட, ஆறேழு மாதத்துக் கோவேறு குட்டியை விற்றால் காசு சீக்கிரம் கைக்கு வரும். கணக்கு அவ்வளவுதான்.

கோவேறு கழுதை ஏன் குட்டி போடுவதில்லை?

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை என்பதால் இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போது ஜோடி சேராது. மிக அரிதாகப் பெண் கோவேறு கழுதை ஈன்றதாகப் பதிவுகள் உண்டு. அதை நம்பித் தொழில் செய்ய முடியாது.

அரசாங்கம் இந்தக் குதிரையை ஏன் விரும்பவில்லை?

அரசு குதிரைப் பண்ணைகளுக்கு வேண்டியது படைக் குதிரை. நல்ல பெட்டை ஒவ்வொன்றும் கழுதையிடம் போவது அவர்கள் கண்ணில் வீணாகத்தான் பட்டது. நார்மன் கலப்பு ஆண் குதிரைகளைக் கொண்டு வந்து நிறுத்தி, ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். விவசாயி மசியவில்லை. அதே சமயம் நார்மன், பிரெத்தோன் என வெளி இரத்தமும் கலந்தது. பழைய வடிவத்தைக் காக்க 1884-இல் குதிரைக்கும் கழுதைக்குமாக வம்சப் பதிவேடு தொடங்க வேண்டிவந்தது.

அப்படியானால் ஏன் அருகியது? டிராக்டர் வந்ததாலா?

டிராக்டர் ஒரு பாதிதான். மீதிப் பாதி தொழிலின் உள்ளேயே இருந்தது.

ஒரு பெட்டை தன் வாழ்நாளில் பத்துக் குட்டி ஈனலாம் என்று வைத்துக்கொள்வோம். சினைக்காலம் 11 மாதம், எனவே ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது. தவறும் ஆண்டுகளும் இருக்கும். அந்தப் பத்தில் எட்டு கழுதைக்குப் பிறந்தால் மிச்சம் இரண்டு. அதில் சராசரியாக ஒன்று ஆண், ஒன்று பெண். அந்த ஒரு பெண் குட்டி செத்தாலோ மலடானாலோ தாயின் இடம் காலி. கோவேறு கழுதையின் விலை ஏற ஏற, குதிரைக்குக் குதிரை பிறப்பது குறைந்தது. சந்தை நன்றாக இருந்த காலத்திலேயே இனம் தன் விதைநெல்லைத் தின்றுகொண்டிருந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு கோவேறு கழுதைக்குத் தேவை சரிந்தது. விலை சரிந்தவுடன் பெட்டையைப் பெருக்கியிருக்கலாம்தானே என்று தோன்றும். ஆனால் கோவேறு கழுதைக்கு ஆள் இல்லையென்றால் அதன் தாயை வாங்கவும் ஆள் இல்லை. பெர்ஷெரோனுக்கும் பிரெத்தோனுக்கும் வண்டி, ஏர், ஏற்றுமதி என்று வேறு வேலைகள் இருந்தன. இதற்கு இல்லை.

மற்ற பாரக் குதிரைகள் இறைச்சிக்காகத் தப்பின என்கிறார்களே, இது ஏன் தப்பவில்லை?

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அது உண்மை. டிராக்டர் வந்தபின் பிரெத்தோன், கோன்துவா போன்றவை பெருமளவில் கறிக்காகத்தான் வளர்க்கப்பட்டன. 1970களில் அரசுப் பட்டியலில்கூட 'இழுவைக் குதிரை' என்ற பெயர் போய் 'கனக் குதிரை' என்ற பெயர் வந்தது. புவாத்வான் அந்தப் போட்டியிலும் தோற்றது. முழு வளர்ச்சிக்கு ஆறேழு ஆண்டு எடுத்துக்கொள்ளும் குதிரைக்கு யார் தீவனம் போடுவார்கள்? எலும்பு அதிகம், தசை குறைவு. கசாப்புக்காரருக்கும் இலாபமில்லை.

'கெபெக்' என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அது?

1960-இல் பிறந்த ஒரு பொலிகுதிரை. இன்றிருக்கும் புவாத்வான் குதிரைகளின் வம்சத்தாளை எடுத்துப் பின்னோக்கிப் போனால் எல்லாவற்றிலும் கெபெக் வரும்.

இதன் விளைவை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சுலபம். அக்காள் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு உறவுக்கலப்பு அளவு 12.5 விழுக்காடு. மாமன் மகளைக் கட்டினால் 6.25. இரண்டு குதிரைகளுக்கும் ஒரே பாட்டன் பல வழிகளில் வந்தால், உறவே இல்லை என்று தோன்றும் ஜோடிக்கும் இந்த எண் ஏறும். ஏறினால் சினை பிடிப்பது குறையும், குட்டி நலிந்து பிறக்கும், மறைந்திருக்கும் குறைகள் வெளியே வரும். அதனால் இந்த இனத்தில் ஜோடி சேர்ப்பது அழகைப் பார்த்து நடப்பதில்லை. முதலில் வம்சத்தாளில் எண்ணைக் கணக்கிட வேண்டும், பிறகுதான் குதிரையைப் பார்க்க வேண்டும். அதிகம் பயன்படாத ஆண் வழி ஒன்று இருந்தால், கால் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது. பரிசு வாங்கிய ஒரே ஆணிடம் எல்லோரும் பெட்டையை ஓட்டிப் போனதுதான் இந்த நிலைக்கு ஒரு காரணம்.

இப்போது ஆண்டுக்குப் பிறப்பது சுமார் நூறு குட்டி, பல ஆண்டுகளில் அதற்கும் குறைவு.

இன்றும் கழுதையோடு சேர்க்கிறார்களா?

ஆமாம், ஆனால் அளவோடு. தூய குட்டி போதுமான அளவு ஈன்ற பெட்டையையே கழுதையிடம் விட வேண்டும். குதிரைகளோடு வளராத ஆண் கழுதை பெட்டைக் குதிரையை ஏறெடுத்தும் பார்க்காது. பால்குடி மறந்ததும் கழுதைக்குட்டியைக் குதிரைக்குட்டிகளோடு வளர்த்தால்தான் பின்னால் வேலைக்காகும். அப்போதும் ஆண் குதிரை போல இரண்டு நிமிடத்தில் முடியாது. அரை மணி நேரம் நின்று யோசிக்கும், அவசரப்படுத்தினால் திரும்பி நின்றுகொள்ளும்.

கோவேறு குட்டி நன்றாகப் பிறந்து இரண்டாம் நாள் செத்துப்போவது ஏன்?

பட்டறைக்காரர்களை நெடுநாள் பயமுறுத்திய சாவு இது. விளக்கம் இரத்தத்தில் இருக்கிறது. கழுதையின் சிவப்பணுவில் எந்தக் குதிரையிடமும் இல்லாத ஒரு கூறு உண்டு. கோவேறு குட்டிக்கு அது தகப்பன் வழியாக வந்துவிடும். முந்தைய சினையிலோ பிரசவத்திலோ குட்டியின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்திருந்தால், தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைக்கும். அது சீம்பாலில் சேரும். குட்டி ஆசையாகக் குடிக்கும், எதிர்ப்பொருள் குடல் வழியாக உள்ளே போய்க் குட்டியின் சிவப்பணுக்களை உடைக்கும்.

அடையாளங்கள்: பிறந்தபோது துள்ளிய குட்டி 12 மணி முதல் மூன்று நாளுக்குள் சோர்ந்து படுக்கும். மூச்சு வேகமாகும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் முதலில் வெளுப்பு, பிறகு மஞ்சள். சிறுநீர் செம்பழுப்பாக வரும். பத்தில் ஒரு கோவேறு குட்டிக்கு இந்த ஆபத்து உண்டு. முதல் ஈற்றில் அபூர்வம், அடுத்தடுத்த ஈற்றுகளில் கூடும்.

தடுக்கும் வழி தெளிவானது. ஈனுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் தாயின் இரத்தத் தெளிநீரை அந்தக் குறிப்பிட்ட ஆண் கழுதையின் சிவப்பணுவோடு சேர்த்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். அணு உடைந்தால், பிறந்த உடனே குட்டிக்கு வாய்க்கூடு மாட்டிவிடுங்கள். தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம், பிரித்தால் தாய் பிறகு சேர்க்காது. கழுதையோடு ஒருபோதும் சேராத இன்னொரு குதிரையின் சீம்பாலை உறைநிலையில் வைத்திருந்து, வெதுவெதுப்பாக்கி, முதல் ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி மொத்தம் ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை, தடவைக்கு 250 முதல் 500 மி.லி. என்று புகட்ட வேண்டும். நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் அதிலுள்ள காப்புப் புரதம் கெடும், வெந்நீரில் வைத்தே உருக்க வேண்டும். தாயின் பாலை இரண்டு மணிக்கொருமுறை கறந்து கொட்டுங்கள். குட்டியின் குடல் ஒரு நாளில் மூடிக்கொள்ளும் என்றாலும் 36 முதல் 48 மணி நேரம் கழித்து வாய்க்கூட்டைக் கழற்றுவதே பாதுகாப்பு. வழக்கமாகத் தவறு நடப்பது இரவில்தான்: ஆள் வருவதற்குள் குட்டி எழுந்து குடித்துவிடும். ஈனும் இரவு காவல் இருக்க ஆள் இல்லையென்றால் சோதனை செய்தும் பயனில்லை.

எவ்வளவு தீவனம் வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு காய்ந்த புல். 800 கிலோ குதிரைக்கு 12 முதல் 16 கிலோ. தண்ணீர் நாளுக்கு 30 முதல் 50 லிட்டர், வேலையும் வெயிலும் இருந்தால் கூடுதல். உப்புக்கட்டி எப்போதும் இருக்கட்டும். வேலை இல்லாத குதிரைக்குத் தானியம் தேவையே இல்லை.

தானியத்தில் இன்னொரு ஆபத்து. ஐரோப்பியப் பாரக் குதிரைகள் பலவற்றில் தசையில் சர்க்கரையை அளவுக்கு மீறிச் சேர்த்து வைக்கும் மரபணுக் குறை இருக்கிறது. ஞாயிறு ஓய்வு, தானியம் மட்டும் வழக்கம்போல. திங்கள் காலை வண்டியில் பூட்டினால் கால் மணி நேரத்தில் பின்னங்கால் இறுகி, வியர்த்து, நடுங்கி நின்றுவிடும். சிறுநீர் காப்பி நிறம். பழைய வண்டிக்காரர்கள் இதைத் 'திங்கட்கிழமை நோய்' என்றார்கள். அப்படி நின்றால் ஒரு அடிகூட நடத்தாதீர்கள், மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள். வேரோடு பிடுங்கிய பிடரிமயிரில் மரபணுச் சோதனை செய்யலாம். குறை இருந்தால் தானியத்தை நிறுத்தி, தினமும் கொஞ்சமாவது வேலை கொடுத்து, கூடுதல் சக்தி தேவையென்றால் எண்ணெய் வழியாகக் கொடுக்க வேண்டும்.

சதுப்பு நிலப் புல்லை வாங்கினால் கட்டைப் பிரித்துப் பாருங்கள். தாவரவியல் பாடத்தில் படித்த ஈக்விசீட்டம் செடியின் சதுப்பு வகை அதில் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. கணு கணுவாக, இலையில்லாத குச்சி போல இருக்கும். (நாம் சோறாக்கும் குதிரைவாலி வேறு, இது வேறு.) காய்ந்தாலும் நஞ்சு போகாது. தயமின் (வைட்டமின் பி1) சத்தை அழித்து நடையைத் தள்ளாட வைக்கும்.

கால்முடியை வெட்டலாமா?

கண்காட்சிக்கு வைத்திருப்பவர்கள் வெட்ட மாட்டார்கள். அரிப்பு வந்தால் வெட்டத்தான் வேண்டும். காலைத் தரையில் மிதித்துக்கொண்டே இருந்தால், வேலிக்கட்டையில் உரசினால், முடிக்குள் கைவிட்டுப் பாருங்கள். குளம்புக்கு மேலே பின்புறப் பள்ளத்தில் பிசுபிசுப்பும் பொருக்கும் தட்டுப்பட்டால் அநேகமாகக் காலுண்ணிச் சிரங்கு. உண்ணி தோலின் மேற்பரப்பில் வாழ்வதால் வாய்வழி மருந்து சரியாக எட்டாது. முடியை ஒட்ட நறுக்கி, பொருக்கை ஊறவைத்து எடுத்து, முழுக்கக் காயவைத்த பிறகு மருத்துவர் தரும் மேற்பூச்சு. 10 முதல் 14 நாளில் மறுபடி ஒரு முறை. படுக்கை வைக்கோலை மாற்றாவிட்டால் எல்லாம் வீண், உண்ணி குதிரை இல்லாமலேயே பல வாரம் தாக்குப்பிடிக்கும். ஒரே லாயத்தில் இருக்கும் எல்லாக் குதிரைகளுக்கும் சேர்த்தே மருந்து போடுங்கள்.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். தள்ளிப்போட்டால் விளிம்பு தட்டுப் போல விரிந்து பிளக்கும். சேற்றில் நடக்க உதவிய அதே தட்டை அடிப்பாகம் சரளைக்கல் பாதையில் கன்றிப்போகும். ஈரத்திலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பின் நடுப்பகுதி அழுகி நாறும். சதுப்புக் குதிரைதானே என்று அலட்சியம் கூடாது, நிற்க ஒரு மேடான காய்ந்த இடம் அவசியம்.

எந்த வயதில் வேலைக்குப் பழக்கலாம்?

மூன்று வயதில் சேணம் பூட்டி, வெறும் வடத்தோடு நடக்கவிடலாம். உருவத்தைப் பார்த்து ஏமாந்து நான்கு வயதில் முழுப் பாரம் ஏற்றினால் மூட்டு கெடும். ஆறு வயதுக்குப் பிறகே முழு வேலை.

கழுத்துப்பட்டை பொருத்தம் முக்கியம். குதிரை நேராக நிற்கும்போது பட்டையின் அடிப்பகுதிக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே உள்ளங்கை தட்டையாகப் போய்வர வேண்டும். இறுகினால் மூச்சு முட்டும், தளர்ந்தால் தோள் புண்ணாகும். ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு பட்டையைக் கழற்றித் தோளைப் பாருங்கள். சுற்றிலும் வியர்வை நனைத்திருக்க, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் பட்டை அழுத்தும் இடம் அதுதான். புண் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க இழுக்க வேண்டுமானால் இழுவிசை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இப்போது இதற்கு என்ன வேலை?

ஈரநிலப் புல்வெளிகளை மேய்ந்து புதர் மண்டாமல் வைப்பது, சுற்றுலா வண்டி, நகராட்சிப் பூங்கா வேலை, காட்டில் மரம் இழுப்பது. நடை அழகு, ஓட்டம் சுமார். சாந்தமான குணம் என்பதால் முதன்முறை கடிவாளம் பிடிப்பவரும் சமாளிக்கலாம்.

கழுதையைக் காப்பாற்றியதால் குதிரையும் பிழைத்ததா?

ஓரளவு. 1977-இல் நடந்த கணக்கெடுப்பில் போதே கழுதைகள் 44 மட்டுமே தேறின. அந்த எண் எல்லோரையும் உலுக்கியது. 1980களின் தொடக்கத்தில் தாம்பியேர்-சுர்-புத்தோன் என்ற ஊரில் கழுதைக்கென்றே ஒரு பண்ணை எழுந்தது. சடைக்கழுதை படத்துக்கு நன்றாக விழும், செய்தித்தாளில் வரும், பணம் சேரும். அதே கொட்டகையில் பக்கத்தில் நின்ற குதிரையைப் படமெடுக்க அவ்வளவு பேர் வரவில்லை. இன்று ஒரே சங்கம் குதிரை, கழுதை, கோவேறு கழுதை மூன்றின் பதிவையும் கவனிக்கிறது.

வாங்க நினைப்பவர் எதைச் சரிபார்க்க வேண்டும்?

தோலுக்கடியில் பதித்த மின்னணுச் சில்லின் எண்ணும் அடையாளப் புத்தகத்தின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெயரின் முதல் எழுத்தும் வயதைச் சொல்லும். பிரான்சில் அந்தந்த ஆண்டுக்கு ஓர் எழுத்து: 2010-க்கு 'ஏ', 2020-க்கு 'கே', 2024-க்கு 'ஓ'. பத்து வயது என்று விற்பவர் 2024-இல் காட்டும் குதிரையின் பெயர் 'கே'-யில் தொடங்கினால் ஆறு வயது கூட்டிச் சொல்கிறார். பெட்டையென்றால் இதுவரை கழுதைக்கு எத்தனை முறை ஈன்றது என்று கேளுங்கள். சீம்பால் விவகாரத்தில் அந்த எண் கைகொடுக்கும்.